பசங்க பேஸ்பால் டீமோட வேற ஸ்டேட் டோர்னமென்ட்டுக்குப் போறது எப்படி? சார்லட்ல இருந்து லேக்பாயின்ட் வரைக்கும்

டிராவல் பால், அதாவது ஊர் ஊரா டோர்னமென்ட் போய் ஆடுற பேஸ்பால் டீம்ல பையனைச் சேர்த்தாச்சு, ஜூன் மாசம் ஜார்ஜியாவுல டோர்னமென்ட்னு கோச் மெசேஜும் அனுப்பிட்டாரு, ஸ்டே டு ப்ளே, பூல் ப்ளே, ப்ராக்கெட், கேட் ஃபீஸ் (பார்க்க வர்றவங்க கட்டுற நுழைவுக் கட்டணம்)னு அதுல என்னென்னமோ எழுதியிருக்கு. நம்மள்ல முக்காவாசிப் பேர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க, இதெல்லாம் யாரைக் கேக்கிறதுன்னே தெரியாது. அதனால நார்த் கரோலினா சார்லட்ல இருந்து ஜார்ஜியா எமர்சன்ல இருக்கிற லேக்பாயின்ட் காம்ப்ளெக்ஸுக்கு 12யூ (12 வயசுக்கு உட்பட்ட) டீம் ஒரு வீக்கெண்ட் போகுதுன்னு வச்சுக்கிட்டு, முதல் தடவை போற பெத்தவங்களுக்கு ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நீங்க எந்த ஊர்ல இருந்து கிளம்பினாலும் முறை இதேதான்.

ஸ்டெப் 1: காசு கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

முதல்ல டோர்னமென்ட்டை நடத்துறது யாருன்னு கேளுங்க. யூஎஸ்எஸ்எஸ்ஏ, பெர்ஃபெக்ட் கேம்னு டோர்னமென்ட் நடத்துற அமைப்புகள் இருக்கு, அதுல ஒண்ணா, வேற யாராவதா? வயசுக் கணக்கு, பேட் விதி, பிட்சிங் (பால் எறியுற) விதி எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். உள்ளூர்ப் பசங்க ஆடுற லிட்டில் லீக்ல ஆகஸ்ட் 31ஐ வச்சு வயசு பார்ப்பாங்க, டிராவல் பால்ல பெரும்பாலும் ஏப்ரல் 30 கணக்கு, அதனால லிட்டில் லீக்ல ஒரு வயசுப் பிரிவுல ஆடுற பையன் இங்க வேற பிரிவுக்குப் போயிடலாம். யாராவது வயசைப் பத்திக் கேள்வி கேட்டா பர்த் சர்டிஃபிகேட் காட்டணும். ஊர்ல பிறந்த பையன்னா இங்கிலீஷ் காப்பி ஒண்ணை இப்பவே ஸ்கேன் பண்ணி போன்ல வச்சுடுங்க, தமிழ்ல மட்டும் இருக்கிறதைக் காட்டினா மைதானத்துல ஒருத்தருக்கும் புரியாது.

அடுத்தது ஸ்டே டு ப்ளே. அதாவது டோர்னமென்ட் சொல்ற புக்கிங் சைட் வழியாத்தான் ஹோட்டல் ரூம் எடுக்கணும், வெளியில எங்கயாவது சீப்பா கிடைக்குதேன்னு எடுத்தா அந்த டீமையே ஆட விடாம பண்ற டோர்னமென்ட் இருக்கு. அதனால இந்த விதி உண்டா இல்லையான்னு கோச்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் ரூம் போடாதீங்க. கேன்சல் பண்ண கடைசி தேதி என்ன, டீம் ஃபீஸ்ல என்னென்ன அடக்கம், கோச்சோட ரூமும் பெட்ரோலும் குடும்பங்கள் பங்கு போட்டுக் கட்டணுமா, இதையும் சேர்த்தே கேட்டுடுங்க. இதுல கூச்சமே வேணாம், எல்லா வீட்லயும் இதே கேள்விதான் ஓடிக்கிட்டு இருக்கும்.

ஸ்டெப் 2: பேட்ல இருக்கிற முத்திரையைப் பாருங்க

லிட்டில் லீக்ல 2018ல இருந்து யூஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை போட்ட பேட் வேணும். டிராவல் டோர்னமென்ட்ல வழக்கமா யூஎஸ்எஸ்எஸ்ஏ 1.15 பிபிஎஃப் (பால் பேட்ல பட்டு எவ்வளவு வேகமா எகிறும்ங்கிற அளவு) முத்திரை போட்டதைத்தான் பசங்க ஆடுவாங்க, அதுல பால் இன்னும் வேகமாப் பறக்கும். யூஎஸ்ஏ பேட்டை டிராவல்ல ஆட விடுவாங்க, யூஎஸ்எஸ்எஸ்ஏ பேட்டை லிட்டில் லீக்குக்கு எடுத்துட்டுப் போனா விடமாட்டாங்க. ட்ராப் 10, ட்ராப் 8ன்னு சொல்றது நீளத்துல இருந்து எடையைக் கழிச்சா வர்ற நம்பர், 30 இன்ச் நீளம் 20 அவுன்ஸ் எடைன்னா ட்ராப் 10. முத்திரை அழிஞ்சிருந்தாலோ பேட்ல கீறல் விட்டிருந்தாலோ அம்பயர் வெளியே வச்சுடுவாரு, வீட்லயே ஒரு தடவை பார்த்துடுங்க.

லேக்பாயின்ட்ல இருக்கிறது செயற்கைப் புல். 12 வயசுக்கு எப்படியும் அடியில இரும்பு முள் வச்ச மெட்டல் கிளீட்ஸ் ஷூ கிடையாது, ரப்பர் இல்லேன்னா பிளாஸ்டிக் முள் வச்ச மோல்டட் கிளீட்ஸோ டர்ஃப் ஷூவோ போதும்.

விமானத்துல போறதா இருந்தா பேட்டைக் கையில எடுத்துட்டு ஏற முடியாது, செக்இன் பேக்லதான் போடணும். க்ளவை மட்டும் கையிலயே வச்சுக்கோங்க, பை தொலைஞ்சா பேட்டை யார்கிட்டயாவது வாங்கி ஆடிடலாம், கைக்குப் பழகின க்ளவ் கிடைக்காது. பெரியவங்களுக்கு ரியல் ஐடி லைசென்ஸ் இல்லேன்னா பாஸ்போர்ட் வேணும். உள்நாட்டுப் பயணத்துல பெரியவங்களோட போற 18 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு ஐடி கேக்கிறதில்ல.

ஸ்டெப் 3: பை கட்டுறது

ரெண்டு யூனிஃபார்ம், ரெண்டு பெல்ட், சாக்ஸ் நாலஞ்சு ஜோடி, ஸ்லைடிங் ஷார்ட்ஸ், கப் (கிரிக்கெட்ல அப்டமன் கார்டு), தொப்பி. பெல்ட்டை ரெண்டுன்னு சொல்றதுக்குக் காரணம், சனிக்கிழமை காலையில யாரோ ஒரு பையன் பெல்ட் இல்லாம நிப்பான், உங்க பையனா இல்லேன்னா பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும். வெள்ளை பேன்ட்ல கறை போக ஃபெல்ஸ்-நாப்தா மாதிரி சலவை சோப்புக் கட்டி ஒண்ணு, ஹோட்டல் தொட்டியிலயே தேச்சு ஊற வச்சா போதும். பெரியவங்களுக்கு மடக்கு நாற்காலி, இழுத்துட்டுப் போற வேகன், சன்ஸ்க்ரீன், போன் சார்ஜர். கூடாரம் கொண்டு போறதுக்கு முன்னாடி அந்த காம்ப்ளெக்ஸ்ல அடிக்க விடுறாங்களான்னு பாருங்க, கூலருக்கும் அப்படித்தான், சில இடத்துல டீமுக்கு ஒரே ஒரு கூலர்தான் உள்ள போகும்.

நீங்க வர முடியாம பையனை வேற குடும்பத்தோட அனுப்புறீங்கன்னா, அவங்க பேர் போட்டு கையெழுத்து வச்ச மெடிக்கல் கன்சென்ட் லெட்டர், இன்சூரன்ஸ் கார்டு காப்பி, அலர்ஜி விவரம் மூணும் ஒரு கவர்ல இருக்கணும். எந்தக் குழந்தையும் ஒரே ஒரு பெரியவரோட தனியா கார்லயோ ரூம்லயோ இருக்கக்கூடாதுன்னு டீம்ல ஒரு விதி இருக்கணும், இல்லேன்னா நீங்களே அதைப் பேசி வைங்க. கோச் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, இந்த விதி எல்லாருக்கும் பாதுகாப்பு.

ஸ்டெப் 4: ரோட்டுல

ஏறக்குறைய 280 மைல். ஐ-85ல தெற்கே இறங்கி, அட்லாண்டாகிட்ட ஐ-285 சுத்துப்பாதை பிடிச்சு, ஐ-75ல வடக்கே ஏறினா எக்ஸிட் 283 எமர்சன். மேப்ல நாலரை மணி நேரம்னு காட்டும், ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐ-285ல மாட்டினா அந்தக் கணக்கு செல்லாது, அதனால மதியம் மூணு மணிக்குள்ள அட்லாண்டாவைத் தாண்டுற மாதிரி காலையிலயே கிளம்பிடுங்க. சவுத் கரோலினா, ஜார்ஜியா ரெண்டுலயும் ஓட்டும்போது போனைக் கையில பிடிக்கிறது சட்டப்படி தப்பு, கோச் மெசேஜைப் பக்கத்து சீட்ல இருக்கிறவங்க படிக்கட்டும்.

வழியில நிறுத்த இடம் இருக்கு, பசங்களுக்குக் கண்டிப்பா நிறுத்துங்க. காஃப்னில ஐ-85 ஓரமா பீச் பழம் மாதிரி ஒரு பெரிய தண்ணித் தொட்டி, 1981ல கட்டினது. அடுத்து கிரீன்வில், பழைய காலத்து பேஸ்பால் நட்சத்திரம் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் வளர்ந்த ஊர், அவர் வீட்டையே ஃப்ளூர் ஃபீல்டு மைதானத்துப் பக்கத்துல கொண்டு வந்து வச்சு மியூசியம் ஆக்கியிருக்காங்க, திறந்திருக்கிற நேரத்தை மட்டும் முன்கூட்டியே பாருங்க. 1919 உலகத் தொடர் (பேஸ்பாலோட பெரிய ஃபைனல்) சூதாட்ட விவகாரத்துல ஆயுள் தடை வாங்கினவர், 2025 மே மாசம்தான் இறந்துபோன வீரர்களோட தடை எல்லாத்தையும் நீக்கி அவர் பேரையும் தடைப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. 12 வயசுப் பையனுக்கு இந்தக் கதையைக் கார்லயே சொல்லலாம், கேள்வி மேல கேள்வி கேட்டே அரை மணி நேரம் ஓடிடும். ஐ-285ம் ஐ-75ம் சேர்ற இடத்துலயே ட்ரூயிஸ்ட் பார்க், 2017ல இருந்து அட்லாண்டா ப்ரேவ்ஸோட மைதானம். அன்னைக்கு அங்க மேட்ச் இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க, டிக்கெட் எடுக்கிறதா இருந்தாலும் சரி, அந்த டிராஃபிக்கைத் தவிர்க்கிறதா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 5: ஹோட்டல் ராத்திரி

பசங்க எல்லாம் ஒரே ஹோட்டல்னா நீச்சல்குளத்தை விட்டு வரமாட்டாங்க. அந்த சந்தோஷம் அவங்களுக்கு வேணும், பல வருஷம் கழிச்சு ஸ்கோர் மறந்துபோனாலும் இது மறக்காது. ஆனா ஒன்பது மணிக்கு எல்லாரும் ரூமுக்குன்னு பெத்தவங்க எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிடுங்க, ஒரு வீடு மட்டும் சொன்னா நடக்காது. காலையில எட்டு மணிக்கு கேம்னா ஏழு மணிக்கே மைதானத்துல இருக்கணும், ஹோட்டல்ல ப்ரேக்ஃபாஸ்ட் ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்குதுன்னா பிரெட்டும் பீனட் பட்டரும் வாழைப்பழமும் கையில இருக்கட்டும்.

ஸ்டெப் 6: ஸ்கெட்யூல் படிக்கிறது

சனிக்கிழமை பூல் ப்ளே, அதாவது குழுவுக்குள்ள லீக் ஆட்டம், வழக்கமா ரெண்டு கேம். ஞாயித்துக்கிழமை ப்ராக்கெட், அதாவது நாக்அவுட், அதுல தோத்தா வீடு. பூல் முடிஞ்சு சமமா நின்னா, எத்தனை ரன் விட்டோம்கிறதையும் ரன் வித்தியாசத்தையும் பெரும்பாலும் பார்த்து வரிசைப்படுத்துவாங்க, அதனால பத்து ரன் முன்னாடி இருக்கும்போதும் கோச் ஒரு ரன் விட்டதுக்கு டென்ஷன் ஆகுறாரேன்னு நினைக்காதீங்க. 12யூல ஆறு இன்னிங்ஸ், ஆனா பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துல டைம் முடிஞ்சுடும். மழை வந்தா மொத்த ஸ்கெட்யூலும் மாறும், டோர்னமென்ட் ஆப்ல நோட்டிஃபிகேஷனை ஆன் பண்ணி வைங்க. ஊர்ல இருந்து தாத்தா பாட்டி பார்க்க ஆசைப்பட்டா டீம்ல யாராவது கேம்சேஞ்சர் ஆப்ல ஸ்கோர் போடுவாங்க, அந்த லிங்க்கை அனுப்புங்க. காலை எட்டு மணி கேம் அங்க சாயங்காலம் அஞ்சரை.

ஸ்டெப் 7: கையைக் காப்பாத்துறது

உங்க பையன் பிட்ச் பண்றவன்னா, மேல சொன்ன எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. கிரிக்கெட்ல பௌலருக்கு ஓவர் கணக்கு இருக்கிற மாதிரி இங்க எத்தனை பால் போட்டான்னு கணக்கு. எம்எல்பியும் (பெரிய புரொஃபஷனல் பேஸ்பால் லீக்) யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014ல பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க. 9-10 வயசுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 75, 11-12க்கு 85. அதுக்கு அப்புறம் ஓய்வு: 20 வரைக்கும் போட்டா மறுநாளே போடலாம், 21-35ன்னா ஒரு நாள், 36-50ன்னா ரெண்டு நாள், 51-65ன்னா மூணு நாள், 66க்கு மேலன்னா நாலு நாள்.

இப்போ இதை வீக்கெண்டோட பொருத்திப் பாருங்க. சனிக்கிழமை காலையில உங்க பையன் 45 போட்டான். பிட்ச் ஸ்மார்ட் படி ஞாயித்துக்கிழமை அவன் மவுண்ட் (பிட்சர் நின்னு எறியுற மேடு) பக்கமே போகக்கூடாது, திங்கக்கிழமையும் கூடாது. ஆனா பல டோர்னமென்ட்ல பால் கணக்கே கிடையாது, இன்னிங்ஸ் கணக்குதான், அந்த விதிப்படி ஞாயித்துக்கிழமையும் அவனைப் போட விடலாம். ரெண்டு இன்னிங்ஸ்ல 20 பாலும் ஆகலாம், 55 பாலும் ஆகலாம், முழங்கைக்குத் தெரியுறது பால்தான். டோர்னமென்ட் விதி அனுமதிக்குதுங்கிறதும் கைக்கு ஆகும்கிறதும் ஒண்ணு இல்லைங்க. செமி ஃபைனல்ல ஒரு ரன் வித்தியாசத்துல நிக்கும்போது கோச்சுக்கு அந்தப் பையன் வேணும், பையனும் போடுறேன்னு குதிப்பான், அந்த நேரத்துல அமைதியா கணக்கை வச்சிருக்க வேண்டிய ஆள் நீங்கதான்.

அதனால போன்ல ஒரு நோட் திறந்து ஒவ்வொரு கேமுக்கும் அவன் போட்ட பால் எண்ணிக்கையை எழுதுங்க. சனிக்கிழமை ராத்திரியே கோச்கிட்ட போய், கோச், இவன் இன்னைக்கு 45 போட்டிருக்கான், நாளைக்கு ஃபீல்டிங், பேட்டிங் எது வேணும்னாலும் பண்ணட்டும், பிட்சிங் மட்டும் வேணாம்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கேம் நடுவுல டக்அவுட் (டீம் உக்காருற இடம்) வேலிகிட்ட போய்ச் சொல்றதை விட இது மரியாதையாவும் இருக்கும், அவருக்கும் ப்ளான் பண்ண நேரம் கிடைக்கும். நல்ல கோச் நன்றிதான் சொல்லுவாரு.

இன்னும் ரெண்டு விஷயம். பிட்ச் பண்ணி முடிச்ச பையனை அதே நாள்ல கேட்சரா (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) உக்கார வைக்கக்கூடாது, கேட்சரும் ஒவ்வொரு பாலையும் திருப்பி எறியுறான். ஒரே நாள்ல ரெண்டு கேம்ல பிட்ச் பண்ணவும் கூடாது. முழங்கையோட உள்பக்கம் வலிக்குதுன்னு சொன்னா, எந்த ஃபைனலா இருந்தாலும் அன்னைக்கு எறியுறது அதோட சரி, வலி போகலேன்னா டாக்டர். இந்த வயசுல எலும்பு வளர்ற இடம் இன்னும் மூடியிருக்காது, திரும்பத் திரும்ப எறியுற இழுப்பு நேரா அங்கதான் விழும், இதைத்தான் லிட்டில் லீக் எல்போன்னு சொல்றாங்க. 1974ல டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதல் தடவையா பண்ணின முழங்கை தசைநார் ஆபரேஷன், இன்னைக்கு ஹைஸ்கூல் பசங்களுக்கே நடக்குது. 9-12 வயசுக்கு வருஷத்துல நாலு மாசம் எறியாம இருக்கணும், அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா இருக்கணும்னும் பிட்ச் ஸ்மார்ட் சொல்லுது. அடுத்த சீசன் ப்ளான் போடும்போது அதையும் பாருங்க.

ஸ்டெப் 8: வெயில், சாப்பாடு, இடி

ஜூன் மாச ஜார்ஜியா வெயில்ல செயற்கைப் புல் இன்னும் சுடும். கேமுக்கு முன்னாடி ராத்திரியே தண்ணி குடிக்க ஆரம்பிக்கணும், தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட். ரெண்டு கேமுக்கு நடுவுல மூணு மணி நேரம் இருந்தா கார் ஏசியிலயோ ரூம்லயோ படுக்க வைங்க, ஷூவைக் கழட்டச் சொல்லுங்க. நம்ம வீட்டுப் பசங்களுக்கு லெமன் ரைஸ், பொடி தடவின இட்லி, கூலர்ல ஐஸ் போட்டு வச்ச தயிர்சாதம் எல்லாம் நல்லாவே ஒத்துப்போகும், கேமுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிச்சுடணும், அவ்வளவுதான். கொஞ்சம் அதிகமாவே கட்டுங்க, டீம் பசங்க வந்து கேப்பாங்க.

இடி சத்தம் கேட்டாலோ சைரன் அடிச்சாலோ உடனே காருக்குள்ள போயிடுங்க, கூடாரத்துக்குக் கீழ நிக்காதீங்க. கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் காத்திருக்கணும், நடுவுல இன்னொண்ணு இடிச்சா மறுபடி முதல்ல இருந்து 30.

ஸ்டெப் 9: ஞாயித்துக்கிழமை

ஹோட்டலைக் காலையிலயே காலி பண்ணிட்டு பையெல்லாம் கார்ல ஏத்திட்டுத்தான் மைதானத்துக்குப் போகணும், ப்ராக்கெட்ல ஜெயிச்சுக்கிட்டே போனா செக்அவுட்டுக்குத் திரும்பி வர நேரமே கிடைக்காது. ஃபைனல் வரைக்கும் போனா கிளம்பவே சாயங்காலம் ஆறு ஏழு ஆகிடும், வீடு வந்து சேர நடுராத்திரி, அதனால ஓட்டுறதுக்கு ரெண்டு பேர் இருக்கிற மாதிரி முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, முடிஞ்சா திங்கக்கிழமை லீவ் போட்டுடுங்க. தோத்துட்டு வர்ற பையன்கிட்ட முதல் ஒரு மணி நேரம் கேமைப் பத்திப் பேச வேணாம், அவனா ஆரம்பிச்சா காது குடுங்க. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா கை எப்படி இருக்குன்னு கேட்டு, போன் நோட்ல இருக்கிற கணக்கைப் பார்த்து, அடுத்து என்னைக்குப் பிட்ச் பண்ணலாம்னு தேதி போட்டு கோச்சுக்கு அனுப்பிடுங்க.