மழை நாளில் பொம்பேய்: நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த, இத்தாலியின் பழைய ரோமானிய ஊரான பொம்பேய்க்கு நவம்பர், டிசம்பரில் போனால் நனையாமல் திரும்புவது கஷ்டம். நேப்பிள்ஸ் பக்கம் மழைக்காலமே அதுதான்.

முதல் தவறு, மழை விடட்டும் என்று ஓட்டலில் உட்கார்ந்திருப்பது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஊரோ 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டியிருக்கிறார்கள். மதியம் போய் இறங்கினால் பாதிகூடப் பார்க்க முடியாது. டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும் என்பதால், நண்பர்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

அடுத்தது செருப்பு. தெருவில் பதித்திருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய கல். காலடி பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. மழையில் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். அடி தேய்ந்த ஷூ வேண்டவே வேண்டாம். குடையும் தொல்லைதான். ஆறு பேர் ஆறு குடையோடு குறுகலான வீட்டு வாசலில் நுழைந்தால் கம்பி சுவரில் உரசும், பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிரும். மழைக்கோட்டு போதும்.

தெருவின் குறுக்கே பெரிய கற்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் தாவித் தாவிப் படம் எடுத்துக் கால் சுளுக்கிக்கொள்வதைவிட, சற்று ஒதுங்கி நின்று தண்ணீரைப் பாருங்கள். பொம்பேயின் பெரும்பாலான தெருக்களில் நிலத்தடி வடிகால் கிடையாது. மழைநீரும் கழிவும் தெருவிலேயே ஓடின. அதனால்தான் நடைபாதை அவ்வளவு உயரம். கால் நனையாமல் தெருவைக் கடக்க இந்தக் கற்கள், வண்டிச் சக்கரம் போக நடுவில் இடைவெளி. வெயில் நாளில் இதை வழிகாட்டி சொல்லித்தான் கேட்க வேண்டும்.

வீடுகளும் அப்படித்தான். செட்டிநாட்டு வீட்டு முற்றம் போல, கூரை உள்பக்கமாகச் சரிந்து, நடுவில் திறந்திருக்கும். மழைநீர் கீழே உள்ள தொட்டியில் விழுந்து, நிலத்தடியில் கட்டிய சேமிப்புத் தொட்டிக்குப் போய்ச் சேரும். கூரையை மறுபடி கட்டியிருக்கும் மெனாண்டர் வீட்டிலோ, 2023இல் மீண்டும் திறந்த ‘வெட்டீ’ (Vettii) வீட்டிலோ கொஞ்ச நேரம் நில்லுங்கள். எல்லா வீடும் எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால், எது திறந்திருக்கிறது என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை வலுத்தால் கண்ணில் பட்ட சுவரோரம் ஒதுங்குவது பெரிய தவறு. மழையில் ஊறிய பழைய சுவரை நம்பவே கூடாது. 2010 நவம்பரில் மழைக்குப் பிறகு ஸ்கோலா அர்மதுராரும் என்ற கட்டடம் அப்படியே இடிந்து விழுந்தது. காலை நேரம், உள்ளே ஆள் இல்லை. ஒதுங்க வேண்டுமென்றால் வளைவுக் கூரை உள்ள பொதுக் குளியலறைகள்தான் சரி. தடுப்புக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டவே கூடாது.

கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் ஓவியம் பார்த்துக்கொண்டு பின்தங்குவார். ‘அந்தச் சுவர்கிட்ட சந்திப்போம்’ என்றால் முடிந்தது கதை. அங்கே எல்லாம் சுவர்தான். ஊர்ப் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் ஜூபிடர் கோவில் முன்னால் இத்தனை மணிக்கு என்று பேசிவையுங்கள். அப்புறம், பொம்பேய்க்கு வரும் ரயில் பாதையிலேயே இருக்கிறதே என்று, அதே எரிமலை புதைத்த ஹெர்குலேனியத்தையும் அன்றைக்கே முடிக்கப் பார்க்காதீர்கள். அது சின்ன ஊர், மேல்மாடிகூட மிஞ்சியிருக்கிறது; காய்ந்த சாக்ஸோடு மறுநாள் போகலாம்.