பட்டம் வாங்கிய வீட்டில் நடக்கும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் ஒன்றாக நடத்துகிறேன். கடையில் பேச்சு தமிழ், பலகையில் எழுத்து மலையாளம், வருகிற காகிதம் பெரும்பாலும் ஆங்கிலம். எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் எல்லை தாண்டிக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் படிக்கப் போகிறார்கள். மீதிப்பேர் கேரளத்துச் சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் போகிறார்கள். படிப்பு முடிந்ததும் இரு தரப்பும் என் கடைக்குத்தான் வந்து சேரும். கவுன் போட்டுப் படம் எடுக்க, நகல் எடுக்க, சட்டம் போட.

போன வாரம் எருத்தேம்பதிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் செய்தித்தாளில் சுற்றி, அதற்குள் ஒரு துண்டில் சுற்றி, மகளின் பட்டச் சான்றிதழ். குடும்பத்தில் முதல் பட்டதாரி. "நல்ல கெட்டியாக லேமினேஷன் போட்டுக் கொடுங்கள் தம்பி, ஆயுசுக்கும் நிற்க வேண்டும்" என்றார். எனக்கு அடிவயிற்றில் எரிந்தது. அவர்மேல் கோபமில்லை. இருபது வருடங்களுக்கு மேல் ஆன என்னுடைய கோபம் அது. அவர் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேனா மறந்தது, பஸ்ஸைத் தவறவிட்டது போன்ற சின்னத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு முறை செய்தால் தானாகவே புத்தி வந்துவிடும்.

கவுன் போட்டதையே பட்டம் என்று நினைப்பது

கல்லூரி வளாகத்தில் நடக்கும் விழா வேறு, பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டம் வேறு. கல்லூரி விழா மேடையில் சிவப்பு நாடா கட்டிச் சுருட்டிக் கொடுக்கும் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். பல நேரம் வெறும் வாழ்த்து மடல்தான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. நான் படம் எடுத்த ஒரு பையன், மேடையில் வாங்கிய சுருளைச் சாமி அறையில் வைத்துவிட்டு இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் நாடாவை அவிழ்த்தான்.

எங்கள் பகுதியில் இந்தக் குழப்பம் அதிகம். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை 1968-இல் தொடங்கிய கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவர், எதிர்வீட்டுப் பிள்ளை 1982-இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் மாணவர். ஒருவருக்குச் சொன்ன நடைமுறை மற்றவருக்குப் பொருந்தாது. கோழிக்கோட்டில் பட்டச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் யாரும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று காத்திருக்காமல், தன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைத் தானே படிக்க வேண்டும்.

தேதி உறுதியாகும் முன் பந்தி

ஆளுநர்தான் வேந்தர். விழா நாள் அவர் நேரத்தைப் பொறுத்து நகரும். மண்டபத்து முன்பணம் நகராது.

இனிஷியல்

எல்லை ஊரின் சாபம் இது. தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். கேரளத்தில் பெயருக்குப் பின்னால் வரும். பத்தாம் வகுப்புவரை இங்கே படித்த க. செல்வராஜ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "செல்வராஜ் கே." என்று இருப்பான். கோவைக் கல்லூரியில் சேர்ந்ததும் "கே. செல்வராஜ்" ஆவான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் விரிந்து முழுப் பெயராகி வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று காகிதத்தில் மூன்று ஆட்கள். போதாததற்கு, தமிழ்ப் பெயரை மலையாளக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதுகிறபோது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். ழகரம் உள்ள பெயர்க்காரர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

பட்டத்துக்கான விண்ணப்பத்தில் பெயர் எழுதும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் திறந்து வைத்து, ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி விடாமல் பார்த்து எழுதுங்கள். அச்சாகும் முன் திருத்துவது ஐந்து நிமிட வேலை. அச்சான பிறகு அதற்கு விண்ணப்பம், கட்டணம், பல நடை.

மூலச் சான்றிதழுக்கு லேமினேஷன்

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

நான் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவன். 1994-இல் பட்டம் வாங்கினேன். அப்பா தென்னந்தோப்புக் காவலுக்கு இருந்தவர். என் சான்றிதழை அவர் தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார். 1999-இல் கடன் வாங்கி லேமினேஷன் இயந்திரம் இறக்கினேன். புது இயந்திரத்தில் முதலில் எதைப் போடுவது? வீட்டிலேயே விலைமதிப்பான காகிதத்தைப் போட்டேன். சூடாக, வழவழவென்று, கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி கரையான் என்ன செய்யும்?" என்று சிரித்தார். மறுநாளே கடையின் முன்னால் மாதிரிக்காக அதைத் தொங்கவிட்டேன். அதைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் தங்கள் சான்றிதழ்களைக் கொண்டுவந்தார்கள். அத்தனையையும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பாவமும் என் கணக்கில்தான் இருக்கிறது.

2003-இல் ஷார்ஜாவில் கிடங்குக் கணக்கு எழுதும் வேலை வந்தது. பட்டதாரி விசா. சான்றிதழில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். வரிசையில் நின்று என் முறை வந்ததும் பெருமையோடு நீட்டினேன். அலுவலர் திட்டவில்லை. திருப்பிப் பார்த்தார். முதுகில் விரலால் தட்டினார், பிளாஸ்டிக் டொக்கென்று சத்தம் கொடுத்தது. "இதில் எங்கே முத்திரை குத்துவது?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

விஷயம் அவ்வளவுதான். வெளிநாடு போகும் சான்றிதழ் பல கைகள் மாறும். முதலில் பல்கலைக்கழகம் அது தான் கொடுத்ததே என்று உறுதி செய்யும். பிறகு மாநில அரசு. கேரளத்துப் பல்கலைக்கழகச் சான்றிதழ் என்றால், வெளிநாடு போகிறவர்களுக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் வழியாக. கோவையில் வாங்கிய பட்டம் என்றால், வீடு கேரளத்தில் இருந்தாலும், தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை வழியாகச் சென்னையில். அதற்குப் பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடு ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் போகிற நாடு இருந்தால் அப்போஸ்டில் என்ற ஒட்டுச்சீட்டு. இந்தியாவில் இது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் தூதரக முத்திரை. இவை எல்லாம் வந்து உட்காரும் இடம் காகிதத்தின் முதுகு. மையை உறிஞ்ச, பசையைப் பிடிக்க அங்கே காகிதம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்மேல் குத்திய முத்திரையை ஈரத்துணி கொண்டு துடைத்துவிடலாம். பிறகு அதற்கு என்ன மதிப்பு?

வீட்டுக்கு வந்து உரிக்கப் பார்த்தேன். லேமினேஷன் உறையின் உள்பக்கம் ஒரு பசைப் படலம் இருக்கிறது. நூறு பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் அது உருகிக் காகிதத்தின் நாருக்குள்ளேயே இறங்கிவிடும். ஆறிய பிறகு பசை வேறு காகிதம் வேறு இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, இயந்திரம் விற்றவரும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்து, ஓரத்தைப் பிளேடால் கீறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். துணைவேந்தரின் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. என் பெயரில் முதல் பாதி காகிதத்தில், மறுபாதி உறையில்.

சான்றிதழின் இரண்டாம் படிக்கு, அதாவது மாற்றுப் பிரதிக்கு, விண்ணப்பித்தேன். உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், நேரில் நான்கு நடை. ஐந்தாம் மாதம் கைக்கு வந்தது, தலைப்பில் "டூப்ளிகேட்" என்ற சொல்லோடு. அதற்குள் அந்த விசா வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் பதினைந்து வருடம் அங்கே இருந்து, திரும்பிவந்து மாடி வீடு கட்டியிருக்கிறார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கடையைச் சாத்திவிட்டுப் போகிறபோது தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன்.

"நாங்கள் என்ன துபாய்க்கா போகிறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளூரிலும் வம்பு இருக்கிறது. பல சான்றிதழ்களில் மேடாக அழுத்திய முத்திரை இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் அசலா என்று சோதிப்பார்கள். இயந்திரத்தின் உருளை அதைச் சப்பையாக்கிவிடும். ஹோலோகிராம் சூட்டில் சுருங்கும். அசலையே போலி மாதிரி ஆக்கிவிட்டு, சரிபார்ப்பவரிடம் போய்ச் சத்தியம் செய்வதில் என்ன பயன்?

அப்பாக்களின் பயம் பொய்யில்லை. ஓட்டு வீடு, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, கரையான், பூச்சி. ரேஷன் கார்டுக்கு உறை போட்டோம், நன்றாக இருக்கிறது, சான்றிதழுக்கும் போடலாம் என்று நினைப்பது இயல்புதான். அதற்கு வேறு வழி இருக்கிறது. பக்கம் திறந்த தெளிந்த உறை வாங்குங்கள். பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம். நாள்பட்டால் அச்சு மையை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கோப்பில் இப்படி ஒட்டிப்போன மதிப்பெண் பட்டியல்களை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன். உறைக்குள் போட்டு, மடிக்காமல், சமதளமான கோப்பில் வைத்து, தரையிலிருந்து உயரமாக இரும்பு அலமாரியில் வையுங்கள். துளை போடாதீர்கள், ஸ்டேப்ளர் குத்தாதீர்கள். இரு பக்கமும் 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் சான்றிதழை ஏற்றியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பல இடங்களில் இன்னும் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? உரிக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி, ஸ்பிரிட், குளிர்பதனப் பெட்டி என்று யார் எந்த வைத்தியம் சொன்னாலும் கேட்காதீர்கள். உறைக்குள் முழுதாக இருக்கும் சான்றிதழைக் காட்டி இரண்டாம் படி கேட்பது எளிது. இரண்டு துண்டாக்கிய பிறகு கேட்பதற்கு விளக்கம் எழுதியே கை வலிக்கும். அவசரம் வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

எருத்தேம்பதிப் பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் வாடிவிட்டது. சுவரில் மாட்ட வேண்டும், சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றார். கலர் நகல் எடுத்து அதற்கு லேமினேஷன் போட்டுச் சட்டம் மாட்டித் தருகிறேன் என்றேன்.

"அது நகல் என்று வருகிறவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"அப்படியென்றால் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்."

பந்தியில் சான்றிதழைச் சுற்றுக்கு விடுவது

சாம்பார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

பதிவு எண், கியூஆர் குறியீடு எல்லாம் தெளிவாகத் தெரியும்படி சான்றிதழைப் படம் எடுத்து ஊருக்கே காட்டாதீர்கள். போலி அச்சடிப்பவனுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பிள்ளையின் முகத்தைப் போடுங்கள். அதைத்தான் எல்லோரும் பார்க்க விரும்புகிறார்கள்.

ஃபிளெக்ஸ்

கேரளத்தில் பி.வி.சி. ஃபிளெக்ஸுக்கு 2019-இலேயே தடை வந்துவிட்டது. பொள்ளாச்சியில் அடித்துக் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் வழியாகக் கொண்டுவந்தால் மட்டும் அது துணியாகிவிடாது. ஒரு வீட்டார் அடித்த ஃபிளெக்ஸில் பத்தடி உயரத்தில் மாமா, சித்தப்பா, நண்பர்கள் என்று இருபத்தெட்டுத் தலைகள். மூலையில் பட்டம் வாங்கியவள் தபால்தலை அளவில். இரவில் கட்டினார்கள். மறுநாள் மதியத்துக்குள் பஞ்சாயத்து ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சான்றொப்பக் கட்டணத்தைக் கட்டியிருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, அந்த வீட்டார் இன்னும் என் கடைப்பக்கம் வருவதில்லை.

வாடகைக் கவுன்

படம் எடுக்கும் முன் தோளைப் பாருங்கள். போன ஆள் பூசிய பவுடர் கறுப்புத் துணியில் இருக்கும். அந்தக் கறுப்புக் கவுனே தேவையா என்பது தனிக் கேள்வி. பட்டமளிப்பு விழாவுக்குக் கைத்தறி உடையைப் பரிசீலிக்கச் சொல்லி 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு கடிதம் எழுதியது. நம்மூர்ப் பங்குனி வெயிலில் ஒரு மணிநேரம் அந்தக் கவுனுக்குள் நின்றவர்கள் யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள்.

தொப்பியை மேலே எறிவது

1912-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடத்தில் பிறந்த வழக்கம் என்று சொல்வார்கள். அவர்களுக்குப் பழைய தொப்பி இனித் தேவைப்படவில்லை, எறிந்தார்கள். நம் தொப்பி வாடகை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்துவரும் ஆடிக் காற்றில் அது நேராகக் கீழே இறங்காது. போன ஆடியில் எட்டுத் தொப்பிகள் மேலே போயின, ஆறு திரும்பி வந்தன. ஒன்றை வாய்க்காலில் எடுத்தோம். இன்னொன்று தென்னை உச்சியில் இருக்கிறது, மரமேறுகிறவர் வரும்போது இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.