இலைக்காசு பாக்கியா? கேஸ் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

பச்சைத் தேயிலையை எடுத்துப்போன ஏஜென்ட் காசு தராமல் இழுத்தடித்தால், கோத்தகிரியோ மஞ்சூரோ, எங்கே கேட்டாலும் "கேஸ் போட்டுடு" என்பார்கள். போடலாம். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய இலைப்பறிப்பை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்புவதையும் செலவில் சேருங்கள். வர வேண்டிய காசை வசூல் செலவே விழுங்கிவிட்டால் ஜெயித்து என்ன?

முதலில் ஒரே தாளில் கணக்கு எழுதுங்கள்: தேதி, கிலோ, பேசிய விலை, கொடுத்தது, பாக்கி. இலைச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி இருந்தால் நகல் இணையுங்கள். அவர் மச்சான் உங்களைத் திட்டிய கதையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் உங்கள் பகுதி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டு, மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க மனு கொடுங்கள். வழக்கு போட்டிருக்கவே வேண்டியதில்லை. நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

எதிராளிக்கு நோட்டீஸ் போகும். வராவிட்டால் இழுத்துவர முடியாது, இதன் பலவீனமே அதுதான். அதனால் கெடுவில் கண் இருக்கட்டும்: விற்ற பொருளின் பணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்கு போட்டாக வேண்டும், இங்கே மனு கொடுத்துவிட்டோம் என்று அந்தக் கெடு தானாக நிற்காது. அதற்குள் "இவ்வளவு பாக்கி உண்மை" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதுக் கெடு.

சமரசத் தாளில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று "விரைவில் தருகிறேன்" என்பதற்கெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். "மாதா மாதம் 5ஆம் தேதிக்குள் 4,000 ரூபாய் வங்கிக் கணக்கில், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் வட்டியோடு உடனே" என்று எழுதச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தச் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், இரு தரப்புக்கும் மேல்முறையீடு கிடையாது. ஆகவே படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து உங்களையும் கட்டும். அவர் தவணை தவறினால் புது வழக்கு தேவையில்லை, தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு நேரே போடலாம்.

ஏற்கெனவே கேஸ் நடந்தாலும் இங்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாம். சமரசத்தில் முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும். படியவே இல்லையா, சரி, அதே கணக்குத் தாளோடு வக்கீலைப் பாருங்கள்.