வீடியோவில் மருந்துச் சீட்டு: நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலம் எது?

ஊரில் மாத்திரை தீர்ந்தால் தெருமுனை மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டுவோம். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புது அட்டையை நீட்டிவிடுவார். அந்த நினைப்போடு அமெரிக்காவுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதற்றத்துக்குத் தரும் குளோனசெபாம், அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் எல்லாம் இங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். ஊர் டாக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீட்டு செல்லாது. இணையத்தில் வாங்கிய வலி மாத்திரையால் 2001-இல் இறந்த 18 வயது ரயன் ஹைட்டின் பெயரில் 2008-இல் ஒரு சட்டம் வந்தது. டாக்டர் ஒருமுறையாவது நேரில் பார்த்த பிறகே இவற்றை வீடியோவில் எழுதித் தரலாம் என்றது அது. 2020-இல் கொரோனாவுக்காகத் தந்த விலக்கைத் தவணை தவணையாக நீட்டித்து வருகிறார்கள். அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. வந்தவுடன் நேரில் போய்விடுங்கள்.

நான் நேரில் போனவன்தான். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் இருந்த டாக்டர் முதலில் நேரில் பார்த்து, பிறகு வீடியோவிலேயே குளோனசெபாம் எழுதித் தந்தார். வேலை மாறி நியூ ஜெர்சிக்கு வந்தேன். பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே, அரிசி மூட்டைமேல் கைபேசியைச் சாய்த்து வைத்து அவரை அழைத்தேன். "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" என்றார். நியூ ஜெர்சியில் எடிசனுக்கு வந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அழைக்கும் நேரத்தில் நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலத்து உரிமம் டாக்டருக்கு வேண்டும். அவருக்கு டெக்சாஸ் உரிமம் மட்டுமே. இத்தனை மாதம் என்னைப் பார்த்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. "டல்லாஸ் என்றே சொல்லியிருக்கலாமே" என்றான் நண்பன். எந்தக் கடையில் எத்தனை மாத்திரை வாங்கினோம் என்பது மாநிலப் பதிவேட்டில் ஏறுகிறது. பொய் சொன்னால் டாக்டரின் உரிமத்துக்கும் ஆபத்து.

டப்பாவில் 9 மாத்திரைகள் இருந்தன. இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகவே வீடு பார்க்கும்போதே புது ஊரில் டாக்டரையும் பாருங்கள்; பழைய டாக்டரின் குறிப்புகளைக் கையோடு வாங்கி வாருங்கள். கவனக்குறைபாட்டுக்காகப் பிள்ளைக்கு மீத்தைல்பெனிடேட் கொடுப்பவர்கள் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு தேவை.

எனக்குப் புது டாக்டரிடம் 8-ஆம் நாள் நேரம் கிடைத்தது. அதற்குள் அம்மா, "அண்ணாச்சியிடம் சொல்லிக் கூரியரில் அனுப்பட்டுமா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். அது சட்டவிரோதம் என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. முறுக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன்.