நம்மாட்கள் ‘சூப்பர்’ என்றால் நம்பலாமா?

2010 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள் ‘பஸ்’ (Buzz) என்ற சமூக வலைதளச் சேவையை கூகுள் திறந்தது. சோதிக்காமல் திறக்கவில்லை, சுமார் 20,000 ஊழியர்கள் முன்பே உள்ளுக்குள் அதைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் வெளியே விட்ட சில நாட்களிலேயே கண்டனம் குவிந்தது. நீங்கள் யாரோடு அதிகம் மெயிலும் சாட்டும் செய்கிறீர்களோ அவர்களை பஸ் தானாகவே உங்கள் வட்டத்தில் சேர்த்துவிடும். நீங்களாகப் போய் மாற்றாவிட்டால் அந்தப் பட்டியல் உங்கள் பொதுப் புரொஃபைலில் எல்லோர் கண்ணிலும் படும்.

ஒரே கம்பெனி ஆட்களுக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆபீஸ் மெயிலில் அதிகம் பேசுவது பக்கத்து டீமோடுதானே. வெளியே இருப்பவரின் பட்டியலில் வக்கீல் வரலாம், மனநல மருத்துவர் வரலாம், விட்டு விலகிவந்த கணவர்கூட வரலாம். கூகுள் அவசர அவசரமாக அமைப்புகளை மாற்றியது, வருத்தமும் தெரிவித்தது. 2011-இல் அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனோடு செய்துகொண்ட உடன்பாட்டில், 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கைக்கு உட்பட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பஸ்ஸை மூடப்போவதாகவும் அறிவித்தது.

ஒரு தயாரிப்பையோ யோசனையையோ சொந்த வட்டத்தில் மட்டும் சோதிப்பவர்கள், தலைகளை எண்ணிவிட்டு வகைகளை எண்ணாமல் விடுவதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுவே. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி போன், ஒரே மாதிரி கவலைகள் உள்ள 20,000 பேர் ஒரு விதத்தில் ஒரே ஆள்தான். ‘ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்’ என்ற, பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேஜையிலிருந்து ஐந்து நண்பர்களைக் கூப்பிடும் டீம்கள் உண்டு. பயனர்களில் வெவ்வேறு பிரிவினர் இருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அவரே எழுதியிருப்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

அடுத்தது, ‘எனக்கே பிடித்திருக்கிறது, மற்றவர்களுக்குப் பிடிக்காதா’ என்ற நினைப்பு. உளவியலாளர் லீ ராஸும் சகாக்களும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் ஒரு விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு கல்லூரி வளாகத்தில் நடக்க முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றவர்கள், பெரும்பாலானோர் சரி என்பார்கள் என்றார்கள். முடியாது என்றவர்கள், பெரும்பாலானோர் மறுப்பார்கள் என்றார்கள். இனம் இனத்தோடு சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சேர்ந்த பிறகு அந்த இனமே உலகம் என்று தோன்றிவிடுகிறது, அங்கேதான் வினை.

இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? ஏதாவது ஒரு பதிவுப் படிவத்தைத் திறந்து பாருங்கள். முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் இன்னொரு கட்டம், இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர் என்ன செய்வார்? காலியாக விட்டால் படிவம் நகராது. ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார்; ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று வரும். கடைசியில் முதல் பெயரையே இரண்டாவது கட்டத்திலும் போடுவார், பிறகு அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் நிற்பார். இங்கே கவனிக்க வேண்டியது, படிவத்தை உருவாக்கிய டீம் புள்ளிவிவரம் பார்க்கும் டாஷ்போர்டை. அதில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நூற்றுக்கு நூறு பேர் நிரப்பியிருப்பார்கள். எல்லாம் பச்சை. டேட்டா இருக்கிறதே, நம் வட்டத்தின் குருட்டுத்தனத்தை அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புவதும் தவறுதான். கேள்வியை வடிவமைத்ததே அந்த வட்டம்.

மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினால் யோசனை அலசப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உளவியலாளர்கள் கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985-இல் காட்டியது இது: குழுவாகப் பேசும்போது, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவல்தான் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சுக்கே வராமல் போய்விடுகிறது. நட்பான டீம்களில் இது இன்னும் மோசம் என்பேன், சூழலைக் கெடுப்பானேன் என்று சும்மா இருப்பவர்கள் அங்கே அதிகம்.

புதுமைக்கும் இதே கதி. சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் ஒரு பெரிய அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் 673 மேலாளர்களை ஆராய்ந்து 2004-இல் எழுதினார். சொந்தக் குழுவைத் தாண்டி வேறு பிரிவினரோடும் பேசிப் பழகியவர்களின் யோசனைகளை மேலதிகாரிகள் மதிப்புள்ளவை என்றார்கள். குழுவுக்குள்ளேயே புழங்கியவர்களின் யோசனைகள் பெரும்பாலும் எடுபடவில்லை. அடுத்த பிரிவில் அரதப்பழசான ஒரு வழிமுறை இந்தப் பிரிவில் புத்தம்புது யோசனை ஆகிவிடும். அதைத் தூக்கி வர அங்கே பேச்சுப் பழக்கம் உள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். மேதாவித்தனம் தேவையில்லை.

திருத்திக்கொள்கிறோம் என்று இறங்கி ஒப்புக்குச் செய்வதும் உண்டு. வித்தியாசமான பின்னணி உள்ள ஒருவரை வேலைக்கு எடுத்து, ‘உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்று அவரிடம் கேட்டால் போதும் என்று நினைப்பார்கள். கோடிப் பேருக்கு அவர் ஒருவர் எப்படிப் பதில் சொல்ல முடியும்? 2015-இல் ஃபேஸ்புக், செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பை ஊழியர்களுக்குக் கொடுத்தது. நல்ல முயற்சி, குறை சொல்லவில்லை. ஆனால் வேகம் மட்டும்தான் குறைகிறது. பழைய போனும், தீர்ந்துகொண்டிருக்கும் டேட்டாவும், திரையில் உள்ள மொழி பாதிதான் புரிவதும் அந்த ஒரு மணி நேரத்தில் வராது.

வேறு என்ன செய்யலாம்? உங்கள் ஆப்பைப் போனிலிருந்து நீக்கியவர்களைத் தேடிப் பிடியுங்கள்; தினமும் பயன்படுத்தும் ரசிகர்களைவிட அவர்களிடம்தான் சரக்கு அதிகம். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ‘அதோ, மேலே அந்த மூன்று கோட்டைத் தட்டுங்க’ என்று நீங்கள் சொன்ன நொடியில் சோதனை முடிந்துபோனது. அறிக்கையின் முதல் வரியில், யாரிடமெல்லாம் சோதிக்கவில்லை என்று எழுதிவையுங்கள். இதையெல்லாம் புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். லான்ச் தேதி குறித்த பிறகு தெரியவரும் குறை எதுவானாலும் ‘அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்’ பட்டியலுக்குத்தான் போகும்.