தொடக்கப்பள்ளிச் செயல்திட்டங்களும் இணையக் கருவிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்காம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சி பற்றிய செயல்திட்டம் கொடுக்கப்படுகிறது. வீட்டில் சுவரொட்டி போன்றவற்றை வடிவமைக்க உதவும் கேன்வா தளத்தைத் திறந்து, ஆயத்த வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள மேகத்தையும் அம்புக்குறிகளையும் அப்படியே விட்டுத் தலைப்பை மட்டும் மாற்றினால், அரை மணி நேரத்தில் கண்ணைக் கவரும் சுவரொட்டி தயாராகிவிடும். மறுநாள் ஆசிரியர், "கடலிலிருந்து மேலே போகும் இந்த அம்புக்குறி எதைக் காட்டுகிறது?" என்று கேட்டால், குழந்தையிடம் விடை இராது, அந்த அம்புக்குறியை வரைந்தது வேறு யாரோ.

தொடக்கப்பள்ளியில் இணையப் படைப்புக் கருவிகளைப் பயன்படுத்தும்போது நேரும் தவறுகளுள் இதையே மிகப் பெரியதாகக் கருதுகிறேன். எது முதலில் வர வேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வதில்தான் கற்றல் நிகழ்கிறது. அந்த முடிவுகள் எல்லாவற்றையும் வார்ப்புரு முன்பே எடுத்துவிடுகிறது. இதே பாடத்தை, கட்டளைத் துண்டுகளை அடுக்கி அசையும் கதைகளும் விளையாட்டுகளும் உருவாக்கும் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கக் கருவியில் செய்யும் மாணவியோ, நீர்த்துளி எப்போது மேலே நகர வேண்டும், மேகத்தைத் தொட்டதும் என்ன நிகழ வேண்டும், மழையாக விழுந்த நீர் மீண்டும் எங்கே செல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்டளைகளை அடுக்கியாக வேண்டும். ஒரு படி விடுபட்டால் துளி அந்தரத்தில் நின்றுவிடும். அது நிற்கும் இடமே அவளுக்கு எது புரியவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கேன்வாவையே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பார்த்துவிட்டு, வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் அதுவும் நல்ல கருவியே.

வயதைப் பாராமல் கருவியைத் தருவது அடுத்த தவறு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007-இல் வெளியான ஸ்கிராட்ச், 8 முதல் 16 வயதினரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. அதை இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அவன் திணறும்போது அருகிலிருக்கும் பெரியவர் தாமே செய்து முடிப்பதைப் பலமுறை பார்க்கிறோம். 5 முதல் 7 வயதினருக்கென்றே 2014-இல் ஸ்கிராட்ச்ஜூனியர் வந்துவிட்டது. அதன் கட்டளைகள் படக்குறிகளாகவே இருப்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் பயன்படுத்தலாம். ஒரு திட்டத்தில் நான்கு பக்கங்கள்தாம் என்ற வரம்பும் ஒரு வசதியே: பாட்டி வடை சுடுவது, காகம் தூக்கிச் செல்வது, நரி பாடச் சொல்வது, வடை கீழே விழுவது எனக் காகத்தின் கதை நான்கு பக்கங்களில் கச்சிதமாக அடங்கிவிடும். காகத்துக்கும் நரிக்கும் குழந்தையே தன் குரலில் தமிழில் பேசிப் பதிவு செய்யலாம். தட்டச்சுக்கு வேலையே இல்லை.

கணக்குத் தொடங்குவதற்காகக் குழந்தையின் பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவது சிறிய பொய்யாகத் தோன்றலாம். ஆனால் பல சேவைகள் 13 வயதை எல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: அந்த வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. பொய்யான வயதைக் கொடுத்தால், குழந்தைக்கென்று உள்ள பாதுகாப்புகளை நாமே நீக்கிவிடுகிறோம். அதற்குத் தேவையும் இல்லை. ஸ்கிராட்ச்சில் கணக்கே இல்லாமல் வேலை செய்து கோப்பைக் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். ஆசிரியர் கணக்கு வைத்திருப்பவர் மாணவர்களுக்கு மின்னஞ்சல் இல்லாமலே கணக்குகளை உருவாக்கித் தரலாம். ஸ்கிராட்ச் தளத்தில் பகிரப்படும் எதையும் உலகில் எவரும் பார்க்கலாம், மாற்றி அமைக்கலாம் என்பதால், குழந்தையின் முழுப்பெயரும் பள்ளியின் பெயரும் முகம் தெரியும் படமும் அங்கே இடம்பெறக் கூடாது.

தேடலில் கிடைத்த படத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது இன்று எல்லார்க்கும் பழகிவிட்டது. பிறர் உழைப்பை மதிக்க ஏழு வயதிலேயே கற்றுக்கொள்ள முடியும். குழந்தைகள் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் ஓவியங்களும் திறந்த உரிமத்தில் உள்ளன. அந்த ஓவியங்களைக் கொண்டு குழந்தைகள் தம் கதையை எழுதலாம், ஓவியரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை.

தமிழில் செய்யும் திட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றைப் பலரும் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை இணையக் கருவியில் ஒட்டினால், அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். எனவே தொடக்கத்திலிருந்தே உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும். யூனிகோடில் தட்டினாலும் சில கருவிகள் கொம்பையும் காலையும் பிரித்து இடம் மாற்றிப் போடும். வேலையைத் தொடங்குமுன் "கொக்கு" என்றும் "கௌதாரி" என்றும் தட்டிப் பார்ப்பதும், முடிந்ததைப் பிடிஎஃப்பாக எடுத்து மறுபடி பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைதான்.

இணைய இணைப்பை மட்டுமே நம்பி வகுப்பைத் திட்டமிடுவதும் தவறு. நாற்பது நிமிடப் பாடவேளையில் இணைப்பு துண்டித்தால் எல்லாம் போயிற்று. நிறுவிய பின் ஸ்கிராட்ச்ஜூனியருக்கு இணையம் தேவையில்லை. ஸ்கிராட்ச்சுக்கும் கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவம் உண்டு. கட்டணமற்ற ஓவியச் செயலியான டக்ஸ் பெயின்ட் இணையமின்றி இயங்கும், தமிழ் இடைமுகமும் கொண்டது. சேமிக்கும்போது கோப்புப் பெயர்கூடக் கேட்காது.

மதிப்பெண் போடும்போது பளபளப்புக்கு மயங்கிவிட்டால், அடுத்த முறை எல்லா வீடுகளிலும் பெற்றோரே திட்டத்தைச் செய்வார்கள். அதனால் செயல்திட்டத்தை வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், குழந்தையை அருகில் அமர்த்திக் கோப்பைத் திறக்கச் சொல்லி, "மழை இரண்டு இடங்களில் பெய்யும்படி மாற்றிக் காட்டு" என்று ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கலாம். தானே செய்த குழந்தை தடுமாறினாலும் எந்தக் கட்டளையைத் தொட வேண்டும் என்று தேடத் தொடங்கிவிடும்.