பழைய மோட்டோரோலா கைப்பேசியின் பூட்லோடரைத் திறப்பது எப்படி?

பூட்லோடர் என்பது கைப்பேசியை இயக்கும்போது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்; அதன் பூட்டைத் திறந்தால்தான் மாற்று இயங்குதளத்தை நிறுவ முடியும். கேரள–தமிழ்நாடு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் பலரும் கேரள எண்ணையும் தமிழ்நாட்டு எண்ணையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு, இரு மாநில வங்கிகளின் ஓடிபியையும் அதிலேயே பெறுகிறார்கள். அந்தச் சிம்கள் கைப்பேசியில் இருக்கும்வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பூட்லோடர் திறந்திருப்பதைக் கண்டறியும் வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் இயங்க மறுக்கக்கூடும் என்பதால், முதலில் இரண்டு சிம்களையும் வேறு கைப்பேசிக்கு மாற்றி, அங்கே யுபிஐ பதிவை முடித்துவிட வேண்டும்.

பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளிருக்கும் படங்கள், தொடர்பு எண்கள், செயலிகள் அனைத்தும் அழிந்துவிடும். இது குறைபாடு அல்ல. கைப்பேசியைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து உரியவரின் தரவைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே வாட்ஸ்அப் உட்பட அனைத்தையும் படியெடுத்துக்கொண்டு, கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளவும்.

அடுத்து, அமைப்புகளில் பில்ட் எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற கூடுதல் அமைப்புப் பட்டியல் தோன்றும். அதில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்க வேண்டும். அது மங்கலாகவே இருந்து இணையத்தில் இணைத்த பிறகும் மாறாவிட்டால், அந்த மாடலில் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது.

கணினியில், கைப்பேசிக்குக் கட்டளைகள் அனுப்ப உதவும் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸையும், விண்டோஸ் எனில் மோட்டோரோலாவின் யுஎஸ்பி டிரைவரையும் நிறுவவும். கைப்பேசியை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கைப்பேசியைக் கேபிளால் கணினியுடன் இணைத்து, கணினியின் கட்டளைச் சாளரத்தில் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' (fastboot devices) என்ற கட்டளைக்கு (எல்லாக் கட்டளைகளையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்) வரிசை எண் வராவிட்டால், டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்கவும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும்.

பிறகு 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் கெட்_அன்லாக்_டேட்டா' (fastboot oem get_unlock_data) என்று கொடுத்தால், பல வரிகளில் எழுத்தும் எண்ணுமாக ஒரு தொடர் வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கும் 'பூட்லோடர்' என்ற அடையாளத்தையும் இடைவெளிகளையும் நீக்கி, ஒரே வரியாக இணைத்து மோட்டோரோலாவின் பூட்லோடர் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அந்த மாடலுக்கு அனுமதி உண்டெனில், உத்தரவாதம் தொடர்பான நிபந்தனைகளை ஏற்ற பின் திறப்புக் குறியீடு மின்னஞ்சலில் வரும். 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்' (fastboot oem unlock) என்பதற்குப் பின் அதைச் சேர்த்துக் கொடுக்கவும். சில மாடல்கள் உறுதிப்படுத்துவதற்காக அதே கட்டளையை இரண்டாம் முறையும் கேட்கும்.

இதன்பின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எச்சரிக்கைத் திரை தோன்றுவது இயல்பு. லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளம் நிறுவியிருக்கும் நிலையில் பூட்லோடரை மீண்டும் பூட்டினால் கைப்பேசி இயங்காமலே போகலாம் என்பதால், அந்த மாடலுக்குரிய அசல் மென்பொருளை முழுமையாக நிறுவிய பின்னரே பூட்ட வேண்டும்.